எதிரி வீட்டு நிலவரம்: மொன்றியல் கனேடியன்ஸ் 2025-26 பற்றி ஒரு லீஃப்ஸ் ரசிகனிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 ஒக்டோபர் 8, புதன்கிழமை. ரொறன்ரோவில் மேப்பிள் லீஃப்ஸும் மொன்றியல் கனேடியன்ஸும் மோதுகிற ஆட்டத்தோடு எங்கள் ஐஸ் ஹொக்கிப் பருவம் தொடங்குகிறது. ஒரு மாதமாகவே வேலையிடத்திலும் கோயில் வாசலிலும் குடும்ப வட்ஸ்அப்பிலும் என்னிடம் கேட்கப்படுவது லீஃப்ஸைப் பற்றி அல்ல, "மொன்றியல் இந்த முறை எப்படி?" என்பதுதான். ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்லிக் களைத்துவிட்டதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

நீங்கள் லீஃப்ஸ் ரசிகர். மொன்றியலைப் பற்றி நீங்கள் சொல்வதை எப்படி நம்புவது?

நம்ப வேண்டாம், கேட்டுவிட்டுப் போங்கள். நான் ஸ்காபரோவில் வளர்ந்தவன். தங்கச்சியைக் கட்டியவர் மொன்றியல்காரர். அதனால் வருடம் முழுக்க விருப்பமில்லாமலே அவர்களின் ஆட்டங்களையும் பார்க்க வேண்டியிருக்கிறது. சொந்த அணியைப் பார்க்கும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளும், ஒன்றும் சரியாகத் தெரியாது. அடுத்தவன் அணியைப் பார்க்கும்போது மனம் நிதானமாக இருக்கும். அவர்களுடைய மூன்றாவது வரிசையில் யார் எந்தப் பக்கம் ஆடுகிறார் என்பது எனக்கு மச்சானைவிட நன்றாகத் தெரியும்.

போன பருவத்தில் அவர்கள் பிளேஓஃபுக்குப் போனது அதிர்ஷ்டம்தானே?

பாதி. 82 ஆட்டங்களில் 40 வெற்றி, 31 தோல்வி, கூடுதல் நேரத்திலோ ஷூட்அவுட்டிலோ தோற்றவை 11. வெற்றிக்கு இரண்டு, பிந்திய தோல்விக்கு ஒன்று என்ற கணக்கில் 91 புள்ளிகள். கிழக்குப் பகுதியிலிருந்து பிளேஓஃப் என்கிற கோப்பைச் சுற்றுக்குப் போகிற கடைசி இடம். அதையும் ஏப்ரல் 16ஆம் திகதி, கடைசி ஆட்டத்தில், கரோலினாவை வென்றுதான் உறுதிப்படுத்தினார்கள்.

ஆனால் அந்த 91ஐ இரண்டாகப் பிளந்து பார்க்க வேண்டும். பெப்ரவரியில் நான்கு நாடுகள் போட்டிக்காக லீக் இடைவெளி விட்டபோது மொன்றியல் 56 ஆட்டங்களில் 55 புள்ளிகளோடு இருந்தது. எல்லாரும் கைகழுவிவிட்ட அணி. திரும்பி வந்து ஆடிய 26 ஆட்டங்களில் 15 வெற்றி, 5 தோல்வி, 6 பிந்திய தோல்வி, 36 புள்ளிகள். மச்சான் இந்த 26 ஆட்ட வேகத்தை 82க்குப் பெருக்கி "113 புள்ளி" என்று அனுப்பினார். முதல் 56 ஆட்ட வேகத்தையும் அப்படியே பெருக்கச் சொன்னேன். 80 வருகிறது. அதற்கு ஒரு கட்டைவிரல்கூட வரவில்லை.

அப்புறம், பருவம் முழுவதும் சேர்த்துப் பார்த்தால் அவர்கள் அடித்த கோல்களைவிட வாங்கிய கோல்கள் அதிகம். அப்படிப்பட்ட அணி பிளேஓஃபுக்குப் போவது அடிக்கடி நடப்பதில்லை. முதல் சுற்றில் வொஷிங்டனிடம் ஐந்தே ஆட்டங்களில் வெளியே போனார்கள். முதல் ஆட்டத்தில் கூடுதல் நேரத்தில் வொஷிங்டனின் ஒவெச்கின் அடித்து முடித்தார். மொன்றியல் வென்ற ஒரே ஆட்டம் அவர்களின் சொந்த அரங்கான பெல் சென்ரரில் நடந்த மூன்றாவது, 6-3. அன்று இரவு மச்சான் தொலைபேசியைத் தொலைக்காட்சிப் பக்கம் பிடித்தபடி ஒரு வார்த்தை பேசவில்லை. சனம் போட்ட சத்தம் மட்டும் என் காதுக்குள் இரைந்துகொண்டிருந்தது. நான் வைத்துவிட்டேன்.

நோவா டோப்சன் வந்தது அவ்வளவு பெரிய விஷயமா?

இந்தக் கோடையில் எங்கள் பிரிவில் நடந்த மிகப் பெரிய விஷயம் அதுதான் என்பேன். எங்கள் நட்சத்திரம் மார்னர் எங்களை விட்டுப் போனதைத் தவிர்த்து.

மொன்றியலின் பின்களத்தில் பல வருடமாக ஒரு ஓட்டை. வலக்கையால் அடிக்கும், நீண்ட நேரம் ஆடக்கூடிய தரமான பின்கள வீரர் இல்லை. இருந்தவர்களில் சவார்ட் ஓய்வுபெற்றுவிட்டார். கரியேர் நல்ல உழைப்பாளி, ஆனால் முதல் இணைக்கான ஆள் இல்லை. வலப்பக்கத்தில் இடக்கைக்காரர்களை வைத்துச் சமாளித்தார்கள். எதிரணிப் பகுதி தொடங்குகிற நீலக்கோட்டில், சுவரோரம் வருகிற பக்கை (ஆடுகிற வட்டை) மட்டையின் முதுகுப்பக்கமாக வாங்கித் திரும்ப வேண்டியிருக்கும். அந்த அரை நொடியில் எங்கள் பெடியள் போய் மோதுவார்கள். அந்த அரை நொடிதான் எங்களுக்கு அவர்களிடம் பிடித்த விஷயமே.

ஜூன் 27ஆம் திகதி அதை அடைத்துவிட்டார்கள். இளம் வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கிற இந்த வருடத் தெரிவின் 16ஆம், 17ஆம் இடங்களையும் எமில் ஹைனமனையும் நியூயோர்க் ஐலண்டர்ஸிடம் கொடுத்து டோப்சனை வாங்கி, எட்டு வருடத்துக்கு ஆண்டுக்கு 9.5 மில்லியன் டொலர் என்று கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள். வயது 25, ஆறடி நான்கு அங்குலம், வலக்கை. 2023-24இல் 70 புள்ளிகள் எடுத்தவர் போன வருடம் 39க்கு இறங்கினார். (ஒரு வீரரின் புள்ளி என்றால் அவர் அடித்த கோலும் அடிக்கக் கொடுத்த அசிஸ்ட்டும் சேர்ந்தது.) அந்த இறக்கத்தைக் காட்டித்தான் எங்கள் ஆட்கள் "விலை அதிகம்" என்று ஆறுதல் தேடுகிறார்கள். எனக்கு அந்த ஆறுதல் கிடைக்கவில்லை.

லேன் ஹட்சன் ஐந்தடி ஒன்பது அங்குலம்தானாமே. பெரிய ஆட்கள் இடித்துத் தள்ளிவிட மாட்டார்களா?

இடிப்பதற்கு முதலில் பிடிக்க வேண்டுமே. 2022 தெரிவில் 61 பேரை எடுத்த பிறகுதான் இவர் பெயரைச் சொன்னார்கள். உயரம்தான் காரணம். முதல் முழுப் பருவத்திலேயே 66 புள்ளிகள், அதில் 60 அசிஸ்ட். ஒரு புதுமுகப் பின்கள வீரர் அத்தனை அசிஸ்ட் எடுத்தது அதற்குமுன் ஒரே ஒரு தடவைதான்: லாரி மர்ஃபி, 1980-81. சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் கோப்பையையும் ஹட்சன்தான் வாங்கினார்.

இவர் செய்வதை ஒரு தடவை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நீலக்கோட்டில் பக் கையில். எதிராளி ஒருவர் மட்டையை நீட்டிக்கொண்டு வருகிறார். ஹட்சனின் தலையும் தோளும் சுவர்ப் பக்கம் சாய்கின்றன, பக் அசையவில்லை. இரண்டு குதிகால்களையும் ஒன்றையொன்று பார்க்கத் திருப்பிக்கொண்டு பக்கவாட்டில் வழுக்குகிறார். நெஞ்சு கோல் பக்கம் திறந்தே இருக்கிறது. எதிராளி தோளை நம்பிச் சுவர்ப் பக்கம் ஒரு எட்டு வைக்கிறார். அவ்வளவுதான். பக் அவருடைய கால்களுக்கும் மட்டைக்கும் நடுவால் போய், உட்பக்கம் நிற்கிற அணித்தலைவர் சுசூக்கியின் மட்டையில் ஒட்டுகிறது. நம் பெடியன் திரும்பிப் பார்க்கும்போது ஹட்சன் அங்கே இல்லை.

தன் கோல் முன்னால் நிற்கும்போதுதான் அவரைப் பிடிக்கலாம். எங்கள் மத்தியூ நைஸ் மாதிரி ஒரு பாரமான ஆள் முதுகைக் கொடுத்து நின்றால் ஹட்சனால் நகர்த்த முடியாது. வொஷிங்டன் அதைச் செய்தது. நாங்களும் அதைத்தான் செய்ய வேண்டும், ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை.

டெமிடோவ் பற்றிய பேச்சு கொஞ்சம் அதிகமில்லையா?

கொஞ்சமல்ல, நிறையவே அதிகம். மொன்றியலில் எதுவும் அளவோடு நடக்காது. 2024 ஜூனில் லாஸ் வேகாஸில் ஐந்தாவது தெரிவாக இவர் பெயரை மேடையேறிச் சொன்னதே பாடகி செலின் டியோன். அப்புறம் ரஷ்ய லீக்கில் செயின்ற் பீற்றர்ஸ்பேர்க் அணிக்கு ஒரு பருவம் ஆடி 49 புள்ளிகள் எடுத்தார்; அந்த லீக்கில் 19 வயதுப் பெடியனுக்கு அது சாதாரணமில்லை. ஏப்ரல் 14ஆம் திகதி மொன்றியலுக்கு முதல் ஆட்டம், சிக்காகோவுக்கு எதிராக. முதல் இருபது நிமிடத்துக்குள் ஒரு கோல், ஒரு அசிஸ்ட். ஆட்டத்தில் தோற்றார்கள், அது ஒருவருக்கும் ஞாபகமில்லை.

என் கணிப்பு: இந்தப் பருவத்தில் 55 முதல் 60 புள்ளிகள். எதிரணி ஆளொருவர் தண்டனையில் வெளியே இருக்கும் பவர் பிளேயில் பயங்கரமாக இருப்பார். ஜனவரியில் ஒரு மாதம் காணாமல் போவார், புதுமுகங்கள் எல்லாருக்கும் அது வரும். அந்த ஒரு மாதம் மொன்றியல் பத்திரிகைகள் எப்படி எழுதும் என்பதைப் பார்க்க எனக்கு இப்போதே ஆசை.

முதல் வரிசை?

அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. போன வருடப் புள்ளிகள்: சுசூக்கி 89, கோஃபீல்ட் 70, ஸ்லாஃப்கோவ்ஸ்கி 51. அணித்தலைவர் சுசூக்கி எங்கள் ஒன்ராறியோவின் லண்டனில் பிறந்த பெடியன் என்பதுதான் கூடுதல் எரிச்சல். கோஃபீல்டின் முதற்பெயர் கோல்; தமிழில் எழுதினால் வேலையும் அதுதான், போன வருடம் 37 தடவை. ஸ்லாஃப்கோவ்ஸ்கி 2022இன் முதல் தெரிவு; பருவத்தின் முதல் பாதியில் தூங்கி மறுபாதியில் விழிக்கிற பழக்கம் இருக்கிறது. இந்த வருடம் ஒக்டோபரிலேயே விழித்துவிட்டால் சிக்கல்.

சரி, பலவீனம் எங்கே? ஒரே ஒரு இடம் சொல்லுங்கள்.

இரண்டாவது சென்ரர், அதாவது இரண்டாம் வரிசையின் நடு முன்கள வீரர். இதைத்தான் நான் கேட்பவர்கள் எல்லாரிடமும் சொல்கிறேன்.

சுசூக்கி ஓர் ஆட்டத்தில் இருபது நிமிடம் ஆடுவார். மீதி நேரத்தில் டெமிடோவுக்கு நடுவில் நின்று பக்கைக் கொண்டுபோய்க் கொடுப்பது யார்? கேர்பி டாக் இருக்கிறார். உயரம், திறமை எல்லாம் இருக்கிறது, முழங்கால்தான் இல்லை. பெப்ரவரியில் மறுபடி காயம், சத்திரசிகிச்சை, பருவம் முடிந்தது. நியூஹூக் வேகமானவர், ஆனால் சென்ரரில் நிற்கும்போது, நடுவர் பக்கைப் போட்டு ஆட்டம் தொடங்கும் முகம்மோதலில் தோற்றுக்கொண்டே இருப்பார். ஜேக் எவன்ஸ் எதிரணியின் நல்ல வரிசையைக் கட்டிப்போட ஏற்றவர். அவரிடம் கோல் கேட்பது வாழையிடம் மாங்காய் கேட்பது மாதிரி. இருந்த டிவோராக்கும் பிலடெல்பியாவுக்குப் போய்விட்டார்.

முகாமையாளர் கென்ட் ஹியூஸ் கோடை முழுக்க இதற்கு ஆள் தேடவில்லை என்று நான் நம்பவில்லை. கிடைக்கவில்லை, அல்லது கேட்ட விலை பிடிக்கவில்லை. செயின்ற் லூயிஸிலிருந்து சாக் போல்டுக்கை எடுத்தது நல்ல வியாபாரம், போன வருடம் 19 கோல் அடித்தவர். ஆனால் அவர் பக்கவாட்டு வீரர். நடுவில் இருக்கும் பள்ளம் அப்படியே இருக்கிறது.

இதனால் எங்கள் அணி செய்ய வேண்டியது எளிது. சுசூக்கிக்கு எதிராக எங்கள் சிறந்த தற்காப்பு இணையை இறக்கிவிட்டு, அவர் இல்லாத நாற்பது நிமிடத்தில் அடித்து விளையாட வேண்டும். எளிது என்று எழுதிவிட்டேன். 82 ஆட்டத்தில் மற்ற அணிகளும் இதைத்தான் செய்யப் பார்க்கும்.

கோல் காப்பாளர் மொன்டெம்போ நம்பிக்கையானவரா?

எங்களுக்கு எதிராக என்றால் ஆம், துரதிர்ஷ்டவசமாக. போன பருவத்தின் முதல் ஆட்டமும் இதே இரண்டு அணிகளுக்குத்தான், மொன்றியலில். நாங்கள் 48 தடவை கோலை நோக்கி அடித்தோம், 48ஐயும் மறித்தார். கோஃபீல்ட் ஒன்று போட்டார். 1-0. அன்று வாங்கிவைத்த மட்டன் றோல்ஸ் ஆறியபடி மேசையில் கிடந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

புளோரிடா வேண்டாம் என்று விட்ட ஆளை 2021இல் காசில்லாமல் எடுத்தார்கள். போன வருடம் 31 வெற்றி, நான்கு நாடுகள் போட்டியில் கனடாவின் மூன்றாவது காப்பாளர், சம்பளம் 3.15 மில்லியன்தான். ஆனால் 60 ஆட்டங்களுக்கு மேல் அவரையே நிறுத்தினார்கள்; கடைசியில் வொஷிங்டன் தொடரின் நடுவில் காயப்பட்டு இளையவர் டோபேஷ் வர வேண்டியதாயிற்று. இந்த வருடம் ஒலிம்பிக்குக்காகப் பெப்ரவரியில் லீக் நிற்கிறது, அதனால் மற்ற மாதங்களில் ஆட்டங்கள் நெருக்கமாக வருகின்றன. டோபேஷுக்கு 25 ஆட்டமாவது கொடுக்காவிட்டால் மார்ச்சில் மொன்டெம்போ களைத்துப்போவார். லாவாலில் இருக்கிற அவர்களின் துணை அணியில் ஜேக்கப் ஃபௌலர் என்று ஒருவர் வளர்ந்துகொண்டிருக்கிறார். அவரைப் பற்றி அடுத்த வருடம் கவலைப்படுவேன்.

பற்றிக் லைனே?

போன வருடம் 52 ஆட்டத்தில் 20 கோல், அதில் 15 பவர் பிளேயில். ஐந்துக்கு ஐந்து ஆடும்போது அவர் மைதானத்தில் இருக்கிறாரா என்று தேட வேண்டும். அந்தப் பவர் பிளே இடத்துக்கு இப்போது டெமிடோவும் வந்து நிற்கிறார். அடுத்த கேள்வி.

சம்பள விஷயத்தில் அவர்கள் கெட்டிக்காரர்கள் என்கிறார்களே, உண்மையா?

இதைக் கேட்டால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

லீக்கில் ஓர் அணி சம்பளத்துக்குச் செலவழிக்கக்கூடிய உச்சவரம்பு இந்தப் பருவத்துக்கு 95.5 மில்லியன் டொலர். அதற்குள் இருபதுக்கு மேற்பட்ட ஆட்களை வைத்திருக்க வேண்டும். ஒருவருக்குக் கூடக் கொடுத்தால் இன்னொருவருக்குக் குறையும். குடும்பச் செலவு மாதிரிதான்.

மொன்றியலில் சுசூக்கிக்கு 7.875, கோஃபீல்டுக்கு 7.85, ஸ்லாஃப்கோவ்ஸ்கிக்கு 7.6, டோப்சனுக்கு 9.5. நான்கு பேருக்கும் சேர்த்து 33 மில்லியனுக்குள். ஒருவர்கூடப் பத்தைத் தொடவில்லை. ஆளுக்கு எட்டு எட்டு வருட ஒப்பந்தம். சுசூக்கியுடையதுதான் முதலில் முடிகிறது, அதுவே 2030இல். எங்களுக்கு மத்தியூஸ் 13.25, நைலாண்டர் 11.5, இரண்டு பேருக்கே 24.75. மார்னரும் இருந்தபோது நாங்கள் வருடாவருடம் மார்ச்சில் மூன்றாம் வரிசைக்கு ஆள் தேடிச் சில்லறை எண்ணியது இதனால்தான்.

சுசூக்கி முதலில் குறைந்த சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட்டார், பின்னால் கையெழுத்துப் போட்ட கோஃபீல்டும் ஸ்லாஃப்கோவ்ஸ்கியும் "அணித்தலைவரைவிட எனக்கு அதிகம் வேண்டும்" என்று கேட்கக் கூச்சப்பட்டார்கள். எங்கள் வீட்டில் முதலில் வந்தவரே உச்ச விலை கேட்டார், பிறகு ஒவ்வொருவரும் அதைக் காட்டியே கேட்டார்கள். முகாமையாளர்களின் மூளையைவிட இந்த வரிசைதான் காரணம் என்பது என் அபிப்பிராயம்.

அதோடு, உச்சவரம்பு அடுத்த பருவம் 104 மில்லியனுக்கும் அதற்கடுத்து 113.5க்கும் ஏறுகிறது. பழைய விலையில் நான்கு பேரைப் பூட்டிவைத்திருப்பவன் சிரிப்பான். 2022க்குப் பிறகு ஆடாத கோல் காப்பாளர் கேரி பிரைஸின் 10.5 மில்லியன் ஒப்பந்தத்தையும் செப்ரெம்பரில் சான் ஹோசேக்குத் தள்ளிவிட்டார்கள். மீதியிருப்பது ஹட்சன். அவருடைய ஆரம்ப ஒப்பந்தம் இந்தப் பருவத்தோடு முடிகிறது. அவராவது கொஞ்சம் பேராசைப்படட்டும்.

2021 பற்றிக் கேட்கலாமா?

வேண்டாம். சரி, கேட்டுவிட்டீர்கள்.

1979க்குப் பிறகு முதல் தடவையாகப் பிளேஓஃபில் சந்தித்தோம். முதல் ஆட்டத்திலேயே எங்கள் அணித்தலைவர் டவரெஸ் காயப்பட்டுத் தூக்கிச் செல்லப்பட்டார், இருந்தும் ஏழு ஆட்டத் தொடரில் 3-1 என்று முன்னிலை பெற்றோம். ஐந்தாவது ஆட்டம் கூடுதல் நேரம். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை; எங்கள் ஆட்கள் பக்கை விட்டுவிட, இரண்டு மொன்றியல் பெடியள் காப்பாளரை நோக்கித் தனியே போகிறார்கள், இடையில் ஒருவருமில்லை. ஒருவர் கொடுக்க மற்றவர் அடித்தார். ஆறாவதும் கூடுதல் நேரத்தில் போயிற்று. ஏழாவது ரொறன்ரோவில், தொற்றுக் காலம் என்பதால் தடுப்பூசி போட்ட 550 சுகாதாரப் பணியாளர்கள் மட்டும் அரங்கில். 3-1 என்று தோற்றோம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஐந்தாவது ஆட்டத்தில் கொடுத்தவர் கோஃபீல்ட், அடித்தவர் சுசூக்கி. அன்று அவர்களுக்கு வயது 20, 21. அவர்களுக்குப் பின்னால் அப்போது பிரைஸ் ஒருவர்தான் நின்றார். இப்போது அவர்கள் கூட ஹட்சன், டோப்சன், டெமிடோவ்.

கடைசியில் எங்கே முடிப்பார்கள்? ஓர் எண் சொல்லுங்கள், நழுவக் கூடாது.

97 புள்ளிகள். அட்லாண்டிக் பிரிவில் மூன்றாவது இடம், ஒட்டாவாவோடு கடைசி வாரம்வரை இழுபறி.

பிரிவு இந்த வருடம் திறந்துகிடக்கிறது. புளோரிடா இரண்டு வருடம் தொடர்ந்து ஸ்டான்லி கோப்பை வென்ற அணி, ஆனால் அவர்களின் அணித்தலைவர் பார்கோவ் பயிற்சியில் முழங்கால் தசைநார்கள் கிழிந்து ஏழு முதல் ஒன்பது மாதம் வெளியே. டகச்சக்கும் சத்திரசிகிச்சைக்குப் பிறகு டிசம்பர்வரை வரமாட்டார். பொஸ்டன் போன மார்ச்சிலேயே கடையைக் காலிசெய்துவிட்டது. நாங்கள் 108 புள்ளிகளோடு முதலிடம் பிடித்த அணி, ஆனால் 102 புள்ளி எடுத்த மார்னர் வேகாஸில். தம்பா மட்டும்தான் இருந்த இடத்தில் இருக்கிறது.

கிறிஸ்மஸுக்கு முன் ஹியூஸ் ஒரு நல்ல சென்ரரை வாங்கினால் என் எண்ணை 102 ஆக்கிக்கொள்ளுங்கள். சுசூக்கி ஆறு வாரம் காயத்தில் இருந்தால் 86. இந்த அணி அவ்வளவு மெல்லியது, ஒரு ஆளில் தொங்குகிறது.

கோப்பை?

இந்த வருடம் இல்லை. 24 கோப்பை வைத்திருக்கிறார்கள், கடைசி 1993இல். அதற்குப் பிறகு எந்தக் கனேடிய அணியும் வெல்லவில்லை. எங்கள் கடைசி 1967, இதே மொன்றியலைத் தோற்கடித்து. 2027இல் கேட்டால் நான் பதில் சொல்லாமல் நழுவக்கூடும்.

8ஆம் திகதி யார் வெல்வார்?

நாங்கள்தான். 4-2. சொந்த அரங்கு, முதல் நாள், அவர்களின் பின்களம் இன்னும் ஒருவரையொருவர் பழகிக்கொள்ளவில்லை. மச்சான் நேற்று எடுத்து, "இந்த முறை உங்கட கதை முடிஞ்சுது மச்சான்" என்றார். தங்கச்சி மகனுக்கு ஏற்கெனவே சுசூக்கியின் 14ஆம் இலக்கச் சட்டை வாங்கியாயிற்றாம். நான் நைலாண்டரின் 88ஐத் தபாலில் அனுப்பியிருக்கிறேன், இரண்டு அளவு பெரிதாக. வளர்ந்த பிறகும் போடலாம்.